பட்டி, பட்டை, சுட்டி: கணினிக் கையேட்டுக்கு எந்தச் சொல்லை வைக்க?

கேட்டவர்: கன்னடியன்கால்

அம்பாசமுத்திரம் பக்கம் மகளிர் குழுவுக்கு அடிப்படைக் கணினி வகுப்பு. இருபது பேர். தமிழ் சரளமா வாசிப்பாங்க, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான். மெஷின்ல விண்டோஸ் 10, லிப்ரே ஆபீஸ். திரை முழுக்க ஆங்கிலம். கையில குடுக்க நாலு பக்கத்துல சொல் விளக்கம் எழுதணும், மூணு இடத்துல முட்டுது.

மெனுவுக்குப் பட்டி, டூல்பாருக்குக் கருவிப்பட்டை. வாயால சொல்லும்போது ரெண்டும் ஒண்ணாக் கேக்கு. சுட்டின்னா மவுஸா, திரையில ஓடுத அம்பா, இணையத் தொடுப்பா? டெலீட், க்ளியர், ரிமூவ் மூணுக்கும் 'அழி'ன்னு போட்டா சரியா? பேசாம திரையையே தமிழுக்கு மாத்திரலாமா?

பதில் 1: பொதிகைச்சாரல்

முதல்ல கடைசிக் கேள்வி. அவங்க நாளைக்கு உக்காரப்போற மெஷின்ல என்ன மொழி இருக்கும்? பஞ்சாயத்து ஆபீஸோ ஜெராக்ஸ் கடையோ, ஆங்கிலத் திரைதான். அதனால திரையை மாத்தாதீங்க. திரையில தெரியுத சொல்லை ஒலியாத் தமிழ்ல எழுதி, பக்கத்துலயே அது என்ன சோலி பாக்குன்னு ஒரு வரி எழுதுங்க. "ஃபைல்: திறக்க, சேமிக்க, அச்செடுக்க எல்லாம் இதுக்குள்ள." அது போதும்.

பட்டி விஷயத்துல நீங்க சொல்லுதது சரி. கோவில்பட்டி இருக்குத ஊர்ப்பக்கம் பட்டின்னா முதல்ல ஊர்தான் ஞாபகம் வரும். மெனுன்னே வைங்க, ஓட்டல்ல கேட்ட சொல்தான். டூல்பாருக்கு 'படம் போட்ட வரிசை'ன்னு ஒரு தடவை விளக்கிட்டு, அப்புறம் டூல்பார்னே சொல்லுங்க.

சுட்டிதான் உண்மையிலேயே வம்பு. கையில பிடிக்குதது மவுஸ். திரையில ஓடுதது அம்பு. எழுத்து விழப்போற இடத்துல மினுக்குதது கர்சர். அம்பும் கர்சரும் வேற வேறன்னு முதல் நாளே பிரிச்சுக் காட்டலைன்னா என்னாகும் தெரியுமா? அம்பை ரெண்டாவது பத்திக்குக் கொண்டுபோய், கிளிக் பண்ணாமலே தட்டுவாங்க. எழுத்து முதல் பத்தியில போய் விழும், "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு"ம்பாங்க. ரெண்டுக்கும் ஒரே பேர் குடுத்தா இதை வாயால விளக்கவே முடியாது.

பதில் 2: கள்ளிடை_கணக்கு

'அழி' ஒண்ணை மட்டும் போட்டுராதீங்க அண்ணாச்சி. லிப்ரே ஆபீஸ்ல கடிதம் தட்டுத ரைட்டர்ல பெருசாத் தெரியாது, கட்டம் போட்டுக் கணக்குப் பாக்குத கால்க்குல கணக்கே பாழாயிரும்.

அப்பளக் கணக்கு ஒண்ணை எடுத்துக்குவோம்: பேரு, கட்டு எண்ணிக்கை, விலை, தொகை. ஒரு கட்டத்துல நின்னு கீபோர்டுல டெலீட் அழுத்துனா உள்ள இருக்குத எண்ணு மட்டும் போகும், கட்டம் அங்கனயே கெடக்கும். பேக்ஸ்பேஸ் அழுத்துனா எதை எதை நீக்கணும்னு கேட்டு ஒரு பெட்டி வரும். ஆனா வலது கிளிக் பண்ணி டெலீட்டை எடுத்தாலோ, கண்ட்ரோலோட கழித்தல் குறியை அழுத்துனாலோ கட்டமே போயிரும். அப்ப 'ஷிஃப்ட் செல்ஸ் அப்' குடுத்தா அந்த ஒரு செங்குத்து வரிசை மட்டும் மேல ஏறும். ஒருத்தி பேருக்கு நேரா அடுத்தவ கட்டு எண்ணிக்கை வந்து நிக்கும். பிழைன்னு எதுவும் காட்டாது, அதுதான் ஆபத்து. போன கட்டத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட சூத்திரம் எங்கயாவது இருந்தா அங்க மட்டும் 'ரெஃப்' பிழை வரும்.

நான் எழுதினா உள்ளதை மட்டும் எடுக்குததுக்குத் 'துடை', கட்டத்தையே எடுக்குததுக்கு 'நீக்கு'. சிலேட்டைத் துடைக்குததும் சிலேட்டையே தூக்கிப்போடுததும் ஒண்ணா? முழு வரியும் வேண்டாம்னா இடது ஓரத்து எண்ணுல வலது கிளிக் பண்ணி வரியையே நீக்கச் சொல்லுங்க, செங்குத்து வரிசை பிசகாது.

தப்பிருச்சுன்னா உடனே கண்ட்ரோல், இசட். கோப்பை மூடிட்டா அந்த வழியும் அடைஞ்சு போயிரும்.

பதில் 3: சந்திப்புப்பிள்ளை

விண்டோவுக்குச் சாளரம்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. ஜன்னல்னு போட்டாத் தமிழ் கெட்டுரும்னு ஒருத்தர் கெளம்பி வருவார் பாருங்க. ஜன்னல் போர்த்துகீசியத்துல இருந்து வந்ததுதான், வந்து நூறு நூறு வருசமாச்சு. வீட்டுல சொல்லுத சொல்லையே வைங்க.

பென் டிரைவுல டெலீட் பண்ணினது ரீசைக்கிள் பின்னுக்கு வராதுங்கதையும் கையேட்டுல ஒரு வரி சேருங்க. 'குப்பைத்தொட்டியில இருக்கும்'னு நம்பிக் கோப்பைத் தொலைக்குதவங்க நெறைய.

கேட்டவர்: கன்னடியன்கால்

துடை, நீக்கு அருமை, அப்படியே எடுத்துக்கிடுதேன். 'சேவ் ஆஸ்'க்கு 'இவ்வாறு சேமி'ன்னு எழுதி வச்சிருக்கேன்.

பதில் 4: பொதிகைச்சாரல்

'இவ்வாறு'ன்னா எவ்வாறுன்னு கேப்பாங்க. 'வேற பேர்ல சேமி'ன்னு போடுங்க. அதோட ஒரு எச்சரிக்கை: பங்குனிக் கணக்கைத் திறந்து 'சித்திரை'ன்னு வேற பேர்ல சேமிச்சதும், திரையில நிக்குதது சித்திரைக் கோப்பு. பங்குனி மூடிருச்சு. இது தெரியாம "பழசைத்தான் திருத்துதேன்"னு திருத்திக்கிட்டே போவாங்க. பழசையே திறந்து வச்சுக்கிட்டு ஒரு பிரதி மட்டும் எடுக்கணும்னா ஃபைல் மெனுவுல 'சேவ் எ காப்பி' தனியா இருக்கு.

வேர்டுல பழகுனவங்க 'சேவ் ஆஸ்'க்கு எஃப்12 அழுத்துவாங்க. லிப்ரே ரைட்டர்ல எஃப்12 அழுத்துனா வரிக்கு முன்னால 1ன்னு எண் வந்து உக்காரும். மறுபடி அழுத்துனாப் போயிரும். இங்க கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்.

ஒருவேளை யாராவது தமிழ்த் திரை வேணும்னா: லிப்ரே ஆபீஸை நிறுவும்போது 'கஸ்டம்' எடுத்து, யூசர் இன்டர்ஃபேஸ் மொழிகள்ல தமிழைச் சேக்கணும். அப்ப விட்டிருந்தா பிறகு பட்டியல்ல தமிழ் காட்டாது, நிறுவியை மறுபடி ஓட்டணும். சேத்த பிறகு டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் அண்ட் லொகேல்ஸ், ஜெனரல். மாத்திட்டு மூடித் திறக்கணும். ஆனாலும் கோப்பைத் திறக்குத பெட்டி விண்டோஸோடது, அது ஆங்கிலத்துலயேதான் வரும். திரும்ப மாத்த வழி தெரியாமத் தட்டழிஞ்சா ஆல்ட், எஃப்12 அழுத்துங்க. எந்த மொழியில இருந்தாலும் ஆப்ஷன்ஸ் பெட்டி வந்து நிக்கும்.