இருக்கம் தீவில் இரவு தங்க விடலாமா?

வடசென்னைவாசி:
சென்ற தை மாதம் குடும்பத்துடன் இருக்கம் தீவுக்குப் போய் வந்தேன். சூளூர்பேட்டை மின்சார ரயிலில் ஏறி ஆரம்பாக்கத்தில் இறங்கி, ஏரிக்கரைக்குப் போய்ப் படகு பிடித்தோம். பழவேற்காட்டு ஏரியின் ஆந்திரப் பகுதிக்குள் இருக்கும் ஊர் என்றாலும், அங்கே காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். பாதி வழியில் தண்ணீர் முழங்கால் ஆழமாகக் குறைந்ததும், படகோட்டி இயந்திரத்தை அணைத்து விசிறியைத் தூக்கி வைத்துவிட்டுக் கழி ஊன்றத் தொடங்கினார். கழி சேற்றிலிருந்து விடுபடும் ஓசையும், தூரத்தில் கூட்டமாக நின்ற பூநாரைகளின் முணுமுணுப்பும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. நாள் முழுவதும் இயந்திர இரைச்சலுக்கு நடுவே வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிய ஆறுதலாக இருந்தது. மாலையில் திரும்ப மனமில்லாமல்தான் திரும்பினோம். தீவிலேயே பத்து வீடுகளில், ஊராரே நடத்தும்படி, இரவு தங்க ஏற்பாடு செய்தால் நம்மைப் போன்றவர்களுக்கும் அவர்களுக்கும் நன்மை உண்டாகும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

நாணல்:
நண்பரே, நீங்கள் அனுபவித்த அமைதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நிலைத்திருப்பதே அங்கே இரவு தங்க இடமில்லாததால்தான். மழைக்காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டருக்கு விரியும் இந்த ஏரி, கோடையில் வடக்குப் பகுதியில் வற்றி வெறும் உப்புச் சேறாகிவிடும். ஆகவே படகு ஓட்டத் தண்ணீர் நிற்கும் மாதங்களும் பூநாரைகள் பெருங்கூட்டமாக வந்து மேயும் மாதங்களும் ஒன்றே. பறவைகள் இல்லாத காலமாகப் பார்த்துப் பயணிகளை அனுப்பலாம் என்ற வழி இங்கே இல்லை.

பூநாரை மேய்வதை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு என் அச்சம் விளங்கும். அது ஓரிடத்தில் நின்று கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கி, தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அலகிலுள்ள சல்லடை போன்ற தகடுகளால் சிற்றுயிர்களை வடிகட்டி உண்ணும். மேய்ந்துபோன இடத்தில் நீர் வற்றியதும், சேற்றில் வட்டமான குழிகள் வரிசையாகத் தெரியும். இப்படி நாளில் பல மணி நேரம் உழைத்தால்தான் அதற்கு வயிறு நிறையும். படகு நெருங்கினால் மேய்ச்சலை விட்டுவிட்டுத் தண்ணீர்மேல் ஓடி ஓடித்தான் அதனால் மேலெழ முடியும். நாளைக்கு ஒரு முறை என்றால் தாங்கிக்கொள்ளும். விடியலிலும் அந்தியிலும் பத்துப் படகுகள் சுற்றினால் தாங்காது. இந்தப் பகுதி 1976 முதல் பறவைகள் சரணாலயம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

தீவுப்பிள்ளை:
என் தாய்வழிப் பாட்டி வீடு அந்தத் தீவில்தான் இருக்கிறது. இங்கே எழுதும் இருவரும் தீவைக் கரையிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் படகு, அரிசி வாங்கவும் படகு என்று வாழ்கிறவர்கள் எங்கள் மக்கள். புயல் எச்சரிக்கை வந்தால் படகு நின்றுவிடும். பிறகு தீவு தனித்தீவுதான். நாணல் அவர்கள் சொல்லும் அமைதிக்கு நாங்கள் கொடுக்கும் விலை இது. இறால் கிடைக்காத மாதங்களில் என் மாமா கட்டட வேலைக்கு வெளியூர் போய்விடுவார்; அத்தை மட்டும் வீட்டில் இருப்பார். வருகிறவர்களுக்கு நண்டுக் குழம்பும் சோறும் ஆக்கிப் போட்டு, திண்ணையில் பாய் விரித்து, நாலு காசு பார்க்க அத்தைக்கு ஏன் உரிமை இருக்கக் கூடாது? சரணாலயம் என்று அறிவித்தபோதும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது விருந்தாளியை ஏற்பதா வேண்டாமா என்பதையாவது எங்களிடம் கேளுங்கள்.

கழிமுகத்தான்:
நான் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவன். தீவுப்பிள்ளையின் கேள்வி நியாயமானது. ஆனாலும் நான் எதிர்ப் பக்கத்தில்தான் நிற்கிறேன். எங்கள் ஊர்களில் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறாலுக்குச் சுத்துவலை கட்ட ‘பாடு’ முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். முறை வந்த நாளில் ஒரு பயணப் படகின் விசிறி வலையைக் கிழித்துவிட்டால் அந்த நாள் போனதுதான். அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். வந்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு ரயிலேறிவிடுவார். வலையை மறுபடி முடைகிறவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று எங்கள் ஊரில் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மீன்பிடிக்கக் கட்டிய படகில் ஆட்களை நெருக்கி ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன் பிறகே எங்கள் பக்கம் பயணிகளை ஏற்றத் தடை வந்தது. அன்று கரையில் வரிசையாகக் கிடத்தப்பட்ட பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவன் நான். முழங்கால் ஆழம் என்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. எல்லா இடமும் முழங்கால் ஆழமல்ல. முகத்துவாரத்தின் பக்கம் நீரோட்டம் இழுக்கும். இரவு தங்க வருகிறவர் மறுநாள் காலையில் அதையும் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்பார்.

வடசென்னைவாசி:
கழிமுகத்தான் ஐயா, அந்த வரியை எழுதியதற்கு வருந்துகிறேன். என் பிள்ளைகள் இருவரும் அன்று மிதவைச் சட்டை இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள், நானும் கேட்கவில்லை. அடுத்த முறை சட்டை இல்லாத படகில் நான் ஏறமாட்டேன்.

ஆனால் தீவுப்பிள்ளை கேட்டதற்கு மற்ற இருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது. படகு ஆபத்தானது என்றால், தீவினர் அன்றாடம் ஏறுவதும் அதே படகுதானே? பாதுகாப்பான படகு வந்தால் முதலில் பயன்பெறுவது அவர்கள்தான். இயந்திரத்தைக் கரையோரத்தோடு நிறுத்திக் கழி ஊன்றியே போவது, ஒரு நாளில் இத்தனை பேர் என்று ஊரே வரம்பு வைப்பது, பறவை மேயும் பக்கம் போகாமல் தீவுக்கு நேர்வழியில் சென்று வருவது ஆகிய மூன்றையும் ஏற்றால் எதிர்ப்பு குறையுமா?

நாணல்:
நேர்வழியில் கழி ஊன்றிச் செல்வதை ஏற்கிறேன்; வலைக்கும் பறவைக்கும் அது நல்லது. அத்தை சோறு ஆக்கிப் போடுவதற்கும் எனக்கு எதிர்ப்பு இல்லை. காலையில் வந்து, உண்டு, நடந்து, மாலையில் திரும்புகிறவர்களால் அந்த வருமானம் அவருக்குக் கிடைக்கும். இரவுத் தங்கலை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. காரணம் குடிநீர். உப்புநீர் சூழ்ந்த மணல் தீவுகளில் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். பத்து வீட்டுக் குளியலறைகளுக்கு மோட்டார் வைத்து இறைத்தால் கிணறு கரித்துவிடும். கரித்த கிணற்றை ஊரார்தான் குடிக்க வேண்டும்.

தீவுப்பிள்ளை:
கிணற்றைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். பங்குனியில் எங்கள் பாட்டி வீட்டுத் தண்ணீரில் பருப்பு வேக நேரமாகும். ஆனால் குளியலறை, மோட்டார் என்று நீங்களாகவே ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்கிறீர்கள். நான் கேட்பது திண்ணை, பாய், ஒரு குடம் தண்ணீர். அவ்வளவில் தங்க இசைகிறவர் வரட்டும். வருகிற வாரம் ஊருக்குப் போகிறேன். அத்தையிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதை இங்கேயே எழுதுகிறேன். கழிமுகத்தான் அண்ணா, உங்கள் ‘பாடு’ முறை வரும் நாட்களைக் குறித்துத் தர முடியுமா? அந்த நாட்களில் அந்தப் பக்கம் ஆளை ஏற்ற வேண்டாம் என்று எங்கள் படகோட்டிகளிடம் சொல்லி வைக்கிறேன்.