இல்லறத்தாரின் சமண விரதங்கள்: கொழும்பில் கண்டவை

வெள்ளவத்தையிலிருந்து, கணக்காளர் ஒருவர்:

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் மிளகாயும் மல்லியும் மொத்த விற்பனை செய்யும் குஜராத்திச் சமணக் குடும்பம் ஒன்றின் கணக்குகளைப் பல ஆண்டுகளாக நான் எழுதி வருகிறேன். அக்குடும்பத்தின் மூத்தவர் தம் இளமையிலேயே, இந்தியாவில் ஓர் ஆசாரியர் முன்னிலையில், இல்லறத்தாருக்குரிய பன்னிரண்டு விரதங்களையும் ஏற்றுக்கொண்டவர். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, பொருளுக்கு வரம்பு கட்டுதல் ஆகிய ஐந்தும் அணுவிரதங்கள், அதாவது இல்லறத்தாருக்கான சிறு விரதங்கள். அவற்றுக்குத் துணையாக அவற்றை வலுப்படுத்தும் மூன்று குணவிரதங்களும் பயிற்சிக்குரிய நான்கு சிட்சாவிரதங்களும் உள்ளன. பெயர்களை யாரும் நூலில் படித்துக்கொள்ளலாம். ஒரு மொத்த வியாபாரியின் பேரேட்டில் அவை எந்த வரியில் வந்து நிற்கின்றன என்பதை அந்தக் கடையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சமணரின் அடிப்படை நூல்களில் ஒன்றான தத்துவார்த்த சூத்திரம் ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்தைந்து அதிசாரங்களைச் சொல்கிறது. விரதம் முற்றாக முறியாவிட்டாலும் அதைப் பழுதாக்கும் செயல்கள் அவை. கள்ளாமைக்குச் சொல்லப்பட்டவை: பிறரைத் திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச விதிகளை மீறிப் பொருள் ஈட்டுதல், கள்ள நிறையும் கள்ள அளவையும் வைத்திருத்தல், நல்ல சரக்கில் போலியைக் கலந்து விற்றல். புறக்கோட்டையில் தொழில் செய்தவர் எவரும் இந்த ஐந்தையும் கேட்ட உடனே தாம் அறிந்த சில கடைகளை நினைத்துக்கொள்வார். ஒருமுறை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர், சுங்கத்துக்குக் காட்டுவதற்கென்று விலையைக் குறைத்து எழுதிய இரண்டாவது விலைப்பட்டியல் ஒன்றையும், கேட்காமலேயே, சேர்த்து அனுப்பியிருந்தார். மூத்தவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. “இதைக் கோப்பிலும் வைக்க வேண்டாம், தம்பி. திருப்பி அனுப்பிவிட்டு, இனி இப்படி அனுப்பினால் சரக்கு எடுக்கமாட்டோம் என்று எழுதிவிடுங்கள்” என்றார். அதே சரக்கைக் குறைந்த தீர்வையில் இறக்கியவர்களோடு போட்டியிட்டு அந்த மாதம் அவர் விற்ற விலையில் இலாபம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை என்பதைக் கணக்கெழுதியவன் என்ற முறையில் நான் அறிவேன்.

கொல்லாமைக்கான அதிசாரங்கள் இன்னும் நுட்பமானவை. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்று அவை வரும். எருதையும் குதிரையையும் வைத்து வாணிகம் செய்தவர்களுக்குச் சொல்லப்பட்டவை போல இவை முதலில் தோன்றும். மூத்தவரோ இவற்றை நாட்டாமைகளுக்கு, அதாவது மூட்டை சுமக்கும் தொழிலாளருக்கு, பொருத்திக்கொண்டார். அவருடைய கடைக்கு வரும் கைவண்டியில் இத்தனை மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. லொறி எவ்வளவு தாமதமாக வந்தாலும், சாப்பாட்டு நேரத்தில் இறக்கும் வேலை நிறுத்தப்படும். லொறிக்காரர்கள் இதற்காகச் சத்தமிடுவதுண்டு. அவர் வாதாடுவதில்லை. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலியைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார், அது “இறக்குக் கூலி” என்ற தலைப்பில் என் புத்தகத்தில் ஏறும். கொல்லாமையைச் சைவ உணவோடு நிறுத்திக்கொள்பவர்கள் நம்மிடையே மிகுதி. உணவில் அவர் காட்டும் கட்டுப்பாடு, வெங்காயமும் உருளைக்கிழங்கும் தவிர்ப்பது உட்பட, எனக்கு மதிப்புக்குரியதே. ஆனால் அவ்விரதத்தின் கனத்தை நான் உணர்ந்தது அந்தக் கைவண்டிக் கணக்கில்தான்.

இனி, இந்தப் பகிர்வை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். பொருளுக்கு வரம்பு கட்டும் விரதத்தில், தமக்கு உரியதாக இவ்வளவு வைத்துக்கொள்வேன், அதற்கு மேல் சேர்வது எனக்கு உரியதன்று என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். மூத்தவர் தம் வரம்பை ரூபாயில் குறித்திருந்தார். 2022 இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, கிடங்கில் ஒரு மூட்டையும் கூடாமலேயே, இருந்த சரக்கின் மதிப்பு அவருடைய வரம்பைத் தாண்டிச் சென்றது. நாணயம் வீழ்ந்ததே தவிர அவருடைய செல்வம் பெருகவில்லை என்றும், வரம்பைப் புதிய விலைவாசிக்கு ஏற்ப மாற்றுவது பேராசை ஆகாது என்றும் நான் எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வரம்பை உயர்த்துவதற்கு எந்தக் காலத்திலும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும், தம்பி. அந்தக் காரணம் வருவதற்கு முன்பே அதைக் குறித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விரதம்” என்றார். பிறகு, அடுத்த சரக்கை என்ன விலைக்கு எடுக்க நேரும் என்று அஞ்சித் தெருவே பழைய சரக்கைப் பதுக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், அவர் தம் பருப்பை வாங்கிய விலையின்மேல் வழக்கமான இலாபம் மட்டும் வைத்து விற்று முடித்தார். வரம்புக்கு மேல் நின்ற தொகை, இலவச உணவு சமைத்துக் கொடுத்தவர்களுக்கு அரிசியாகவும் பருப்பாகவும் போனது.

அவருடைய உறுதியை நான் வணங்குகிறேன். ஆயினும், தேய்ந்துகொண்டே போகும் நாணயத்தில் ஒரு விரதத்தை அளப்பது முறையா என்ற ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை. இம்மரபில் வளர்ந்தவர்கள் எவரேனும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஆசிரியை ஒருவர்:

எங்கள் மாடிக்குடியிருப்பில் எதிர்வீட்டில் இருக்கும் குஜராத்திப் பாட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் நாள்தோறும் சாமாயிகம் இருப்பவர். வெண்ணிறப் புடைவை உடுத்து, ஒரு விரிப்பில் அமர்ந்து, 48 நிமிடங்கள் எந்தச் செயலிலும் எந்தப் பேச்சிலும் ஈடுபடாமல் மனத்தைச் சமநிலையில் நிறுத்துவது அந்த விரதம். நேரத்தை ஒரு மணற்கடிகை காட்டும். மின்விசிறி ஓடாது, விளக்கு எரியாது, கதவைத் தட்டினாலும் அவர் எழமாட்டார். அந்த நேரத்தில் அந்த இல்லறத்துப் பெண்மணி ஒரு துறவிக்கு நிகரானவர் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

அவர் சூரியன் மறைந்தபின் உண்பதில்லை, நீரும் அருந்துவதில்லை. கொழும்பில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடுவதால், இந்தியாவின் வடபகுதியில் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே ஏற்படும் பெரிய வேறுபாடு இங்கே இல்லை என்றும், விரதம் காக்க இது நல்ல ஊர் என்றும் அவர் என்னிடம் சொன்னதுண்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, எங்கள் வீடுகளில் இரவுச் சமையல் எப்படி என்று தவித்தோம். அவர் வீட்டில் மட்டும் ஒழுங்கு எதுவும் மாறவில்லை.

என்னை மிகவும் நெகிழச் செய்தது அதிதி சம்விபாகம் என்ற விரதம். உண்பதற்கு முன் துறவி ஒருவருக்கு உணவில் பங்கு கொடுக்க விழைவது அது. சமணத் துறவிகள் மரபுப்படி வெறுங்காலில் நடந்தே ஊர் ஊராகச் செல்பவர்கள், ஊர்தி ஏறாதவர்கள். கடல் சூழ்ந்த இந்நாட்டுக்கு அவர்கள் வருவதற்கு வழியில்லை என்பது பாட்டிக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மதியம் தட்டில் உணவை இட்டபின், சிறிது நேரம் வாயிலை நோக்கி நின்று, யாரேனும் வரக்கூடாதா என்று மனத்தால் விரும்பிய பிறகே உட்காருவார். கொடுப்பதற்கு ஆள் இல்லாத இடத்திலும் கொடுக்கும் மனம் விரதமாக நிற்கிறது. அன்பளிப்பையும் அன்னதானத்தையும் வாங்குபவரின் எண்ணிக்கையால் அளந்து பழகிய நாங்கள் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

வந்தவாசியிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த ஒருவர்:

நான் தமிழ்ச் சமணன். எங்கள் பக்கத்தில் எங்களை நயினார் என்பார்கள். பழங்காலச் சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதங்களை வணங்கும் பொன்னூர் மலை எங்கள் ஊருக்கு அருகில் உள்ளது, மேல்சித்தாமூர் மடம் எங்களுக்கு ஆதீனம் போன்றது. இல்லறத்தார் ஒழுக்கத்தை எங்கள் வீட்டில் அருங்கலச்செப்பு என்ற தமிழ்ச் சமண நூலின் குறட்பாக்களைக் கொண்டு கற்பித்தார்கள். மேலே எழுதியவர்கள் கண்ட குடும்பங்கள் வெண்ணாடைத் துறவியரைப் பின்பற்றும் சுவேதாம்பரர், நாங்கள் ஆடை துறந்த துறவியரைப் பின்பற்றும் திகம்பரர். சில விரதங்களின் வைப்புமுறையில் வேறுபாடு உண்டென்றாலும் உள்ளீடு ஒன்றே.

கணக்காளர் ஐயாவின் ஐயத்துக்கு என் விடை இது. பொருள் வரம்புக்குரிய அதிசாரங்களைச் சொல்லும் சூத்திரத்தில் நாணயம் அளவுகோலாக வரவில்லை. நிலமும் வீடும், வெள்ளியும் பொன்னும், கால்நடையும் தானியமும், பணியாளர், ஆடை பாத்திரம் முதலிய தட்டுமுட்டுகள் என்று பொருள்களாகவே சொல்லப்படுகின்றன. என் பாட்டனார் தம் வரம்பை இத்தனை ஏக்கர், இத்தனை சவரன், இத்தனை மூட்டை நெல் என்று குறித்திருந்தார். பொன் விலை எங்கே போனாலும் சவரன் சவரனாகவே இருக்கும். எனவே ரூபாயில் குறிப்பது கட்டாயமன்று. ஆனால் ரூபாயில் ஏற்றுவிட்ட ஒருவர் அதை இடையில் தளர்த்தாதது சரியே என்பதும் என் கருத்து. பொருளால் குறிப்பதானால் ஏற்கும்போதே அப்படிக் குறித்திருக்க வேண்டும்.

நான் கண்ட ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். குணவிரதங்களில் முதலாவது திசை விரதம். பலரும் அறிந்த கடல், ஆறு, மலை, காடு போன்றவற்றை எல்லையாகக் குறித்து, வாழ்நாள் முழுவதும் அதற்கு அப்பால் செல்வதில்லை என்று ஏற்பது அது. என் தந்தையார் தெற்கே கடலை எல்லையாகக் கொண்டவர். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இருந்தும் அவர் என் வீட்டைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. முதலில் இது எனக்குத் துன்பமாகவே இருந்தது. அவர் சொன்ன விளக்கம் பின்னர் மனத்தில் நின்றது: எல்லைக்கு உள்ளே இல்லறத்தானால் உயிர்களுக்கு ஏதேனும் ஒரு தீங்கு நேர்ந்துகொண்டே இருக்கிறது, அங்கே அவனால் காக்க முடிவது அணுவிரதம் மட்டுமே. எல்லைக்கு அப்பால் அவனால் சிறிய தீங்கும் நிகழாது. ஆகவே அந்தப் பரப்பு முழுவதையும் பொறுத்தவரை அவனுடைய சிறு விரதம் துறவியின் பெருவிரதத்துக்கு ஒப்பாகிறது.

இதையும் சுருக்கி, ஒரு நாளுக்கோ சில மணி நேரத்துக்கோ வீட்டளவாக எல்லை குறித்துக்கொள்வது தேச விரதம். அதன் அதிசாரங்கள், எல்லைக்கு வெளியிலிருந்து பொருளை வரவழைத்தல், ஆளை அனுப்புதல், குரல் கொடுத்தல், உருவைக் காட்டுதல், கல் முதலியவற்றை எறிந்து குறிப்பு உணர்த்துதல் என்பன. குரலும் உருவும் எல்லை கடந்து செல்வதைத் தொலைபேசியே இல்லாத காலத்தில் குற்றமாக எண்ணிய கூர்மையை நான் வியக்கிறேன். அட்டமியிலும் சதுர்த்தசியிலும் தந்தையார் இவ்விரதம் இருப்பார். அந்த நாட்களில் காணொளி அழைப்பில் அவர் வரமாட்டார், நானும் அழைப்பதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து, முதலில் எழுதியவர்:

வந்தவாசி அன்பருக்கு நன்றி. உங்கள் விளக்கத்தை மூத்தவரிடம் படித்துக் காட்டினேன். தாம் ஏற்றது ரூபாயிலேயே இருக்கட்டும் என்றார். மகாவீரர் வீடுபேறடைந்த நாளாகிய தீபாவளியன்று கடையில் புதுக் கணக்குப் புத்தகம் திறப்பது அவர்கள் வழக்கம். வரும் தீபாவளிக்குத் தாமும் விரதம் ஏற்க எண்ணியிருக்கும் மகன், பொன்னைக் கிராமிலும் சரக்கை மூட்டையிலும் குறிக்கப்போவதாகச் சொல்கிறார்.

சமணரல்லாதவர் இவற்றை ஏற்கலாமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: சமணத் துறவி ஆசாரிய துளசி 1949 இல் தொடங்கிய அணுவிரத இயக்கம் எச்சமயத்தாருக்கும் திறந்தது, சமயம் மாறச் சொல்வதில்லை. சைவனாகிய நான் ஏற்றிருப்பது என் தொழிலுக்கு உரிய ஒன்று மட்டுமே: ஒரே வணிகத்துக்கு இரண்டு விதமான கணக்கு எழுதமாட்டேன். புதிதாக வரும் வாடிக்கையாளரிடம் கட்டணத்தைப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள், இருப்பவர்களின் கணக்கை எழுதுகிறேன்.