திருப்பூரில் மாதாமாதம் நடக்கும் 'பசுமைத் தொழில்' சந்திப்புகளால் ஏதாவது ஆகிறதா?

நூல்கண்டு

திருப்பூர், கோவை, ஈரோடு வட்டாரத்தில் 'சஸ்டெயினபிலிட்டி', 'சர்க்குலர்' (கழிவை மறுபடி பயன்படுத்துவது) என்ற பெயர்களில் தொழில் சந்திப்புகள் பெருகிவிட்டன. ஹோட்டல் ஹால், ப்ரொஜெக்டர், நாலு பேச்சு, டிஃபன், கை நிறைய விசிட்டிங் கார்டு. வீண் என்று பலரும் ஒதுக்குகிறார்கள். என் கட்சி வேறு: வடிவத்தை மாற்றினால் இவை சோறு போடும்.

பிரிட்டனில் 2005இல் நாடு முழுக்கத் தொடங்கிய தொழிற்சாலைக் கூட்டுவாழ்வுத் திட்டத்தில் சந்திப்புகள் வேறு வடிவத்தில் நடந்தன. பேச்சாளருக்கு முக்கியத்துவம் இல்லை. வந்த ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் மிஞ்சுவது என்ன, தனக்குத் தேவை என்ன என்று எழுதிக் கொடுக்கும். நடத்துபவர்கள் அதை வைத்து ஜோடி சேர்ப்பார்கள். இங்கேயும் அதைச் செய்யலாம். முப்பது பேருக்கு மேல் கூடாது, மேசைக்கு ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு சீட்டு: 'இருக்கு', 'வேணும்'. சீட்டில் பொருள், மாதத்துக்கு எத்தனை கிலோ, எந்த ஊர், இப்போது அதை என்ன செய்கிறார்கள் என்பது இருக்க வேண்டும். கட்டிங் வேஸ்ட், நூல் கோன், அட்டைப்பெட்டி, பாய்லர் சாம்பல், உபரி நீராவி, பாதி நாள் சும்மா கிடக்கும் ஆய்வகம் என எதுவும் வரலாம். ஸ்பான்சருக்கு மைக் கிடையாது.

பாய்லர்சாமி

சீட்டு எழுதுறதெல்லாம் சரிங்க. ஆனா இந்த ஊர்ல பெருசா நடந்த ஒரு மாற்றத்தைக் காட்டுங்க, சந்திப்புல வந்ததுன்னு. நொய்யல் ஆறு நாறி, ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணித் தொட்டி ஆகி, 2006ல கோர்ட் ஜீரோ டிஸ்சார்ஜ்னு சொல்லி, அப்பவும் நடக்காம, 2011 ஜனவரில ஐகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைகளை இழுத்துப் பூட்டுன பிறகுதான் ஆர்.ஓ., எவாப்பரேட்டர்னு சாயத் தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின் எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. பூட்டுதான் வேலை செஞ்சுது, டிஃபன் இல்ல. இன்னைக்கும் பையர் கேட்டா செய்வாங்க, மாசுக் கட்டுப்பாட்டு போர்டு கேட்டா செய்வாங்க. பக்கத்துக் கம்பெனிக்காரன் கேட்டு யாரும் செய்ய மாட்டாங்க.

நூல்கண்டு

பூட்டு போட்டது நீதிமன்றம், ஒப்புக்கொள்கிறேன். 'வெளியே ஒரு சொட்டு போகக்கூடாது' என்றுதான் அது சொன்னது. எப்படி என்று சொல்லவில்லை. சுத்திகரித்த பிறகு மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆவியாக்கிக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், அந்த உப்புக் கரைசலையே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் முறை வந்தது. அது ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் நின்றுவிடாமல் பரவியதற்குக் காரணம், ஆட்கள் ஒருவர் ஆலையை ஒருவர் போய்ப் பார்த்ததுதான். அதற்குப் பெயர் சந்திப்பு இல்லையா?

மில்கேட்

கழிவுப் பஞ்சிலிருந்து நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் மில் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. நூல்கண்டு சொன்ன சீட்டில் 'கட்டிங் வேஸ்ட், மாதம் 2 டன்' என்று எழுதி வந்தால் மில்லுக்கு அதில் ஒன்றுமே தெரியாது. தெரிய வேண்டியவை இவை:

கலவை. நூறு சதவீதம் காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா, லைக்ரா (ரப்பர் மாதிரி இழுபடும் இழை) உண்டா? லைக்ரா 5 சதவீதம் இருந்தாலே துணியைக் கிழிக்கும் சிலிண்டரில் அது அறுபடாமல் இழுபட்டுப் பல்லில் சுற்றிக்கொள்ளும். மெஷினை நிறுத்திக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு மூட்டை லைக்ரா பிட், பத்து மூட்டை நல்ல சரக்கைக் கெடுக்கும்.

எந்தக் கட்டத்து வேஸ்ட்? கட்டிங் மேசையிலிருந்து நேராக வந்த பிட் சுத்தம். தைத்து ரிஜெக்ட் ஆன பீஸில் பாலியஸ்டர் தையல் நூல், லேபிள், எலாஸ்டிக் எல்லாம் இருக்கும். இரண்டையும் ஒரே மூட்டையில் போட்டால் விலை ரிஜெக்ட் பீஸ் விலைதான்.

மூட்டை. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அதிகம் சண்டை வருவது இதில்தான். வெள்ளை பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் சாக்கு இழை உதிர்ந்து பஞ்சோடு கலக்கும். நூலில் கண்ணுக்குத் தெரியாது. துணியாகி டார்க் ஷேடு ஏறிய பிறகு வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும், ஏனென்றால் சாக்கின் பாலிப்ரொப்பிலீன் இழை காட்டன் சாயத்தைப் பிடிக்காது. துணி மூட்டைதான் வேண்டும். அந்தத் துணியும் காட்டனாக இருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் நாலு இழையைப் பிரித்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு மென்சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாக நிற்கும். சந்திப்புக்கு வருகிறவர்கள் கார்டு கொண்டு வர வேண்டாம், ஒரு கிலோ சாம்பிள் கொண்டு வரட்டும். அங்கேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை

சாம்பிள் ஒரு கிலோ எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். நான் பாய்லர்சாமி பக்கம், காரணம் மட்டும் வேறு.

கம்பெனியும் மில்லும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால் நடுவில் வேஸ்ட் வியாபாரி தேவையில்லை என்ற நினைப்பு இந்தச் சந்திப்புகள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. நடைமுறை அப்படி இல்லை. வியாபாரி எல்லாக் கலரும் எடுப்பார், லைக்ரா எடுப்பார், ரிஜெக்ட் எடுப்பார், குடோன் நிறைந்ததும் வண்டி அனுப்புவார், பணம் கையோடு. மில் வெள்ளையும் லைட் ஷேடும் மட்டும் கேட்கும், பணம் பிறகு. கம்பெனி வெள்ளையை மில்லுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வியாபாரியிடம் நீட்டினால் அவர் அந்த மிச்சத்துக்கு என்ன விலை சொல்வார்? பல நேரம் மொத்த வரவு பழையதைவிடக் குறையும். சந்திப்பில் கைகுலுக்கிய ஒப்பந்தங்கள் மூன்றாவது லோடில் முறிவது இதனால்தான், மனசு இல்லாததால் இல்லை.

அடுத்தது சான்று. ஜி.ஆர்.எஸ். என்ற மறுசுழற்சிச் சான்று வாங்க மறுசுழற்சிப் பங்கு 20 சதவீதமாவது வேண்டும், லேபிளில் லோகோ போட 50. அது போதாது, பஞ்சு எங்கிருந்து வந்தது என்ற தடம் வேண்டும். கழிவைக் கொடுக்கிறவர் எழுத்தில் உறுதி தர வேண்டும், ஒவ்வொரு லோடுக்கும் தேதி, எடை, அனுப்பிய இடம் போட்ட டெலிவரி சலான் வேண்டும். நாலு கம்பெனி சரக்கை ஒரே குடோனில் கொட்டிக் கலந்துவிட்டால் தடம் அங்கேயே அறுந்தது. அதை எந்த நெட்வொர்க்கிங்கும் ஒட்டவைக்காது.

நூல்கண்டு

அப்படியானால் வியாபாரியை மேசைக்குக் கூப்பிடுங்கள். இதுவரை யாரும் கூப்பிடாததுதான் குறை. தரம் பிரிக்கும் வேலை அவர் குடோனில்தான் நடக்கிறது, கலவையும் அவருக்குத்தான் கைப்பழக்கம். கம்பெனிவாரியாக மூட்டையில் சீட்டுக் கட்டி, சலான் வைத்து, கலக்காமல் அனுப்பினால் மில் கிலோவுக்குக் கூடுதல் தரும் என்று மூன்று பேரும் ஒரே இடத்தில் பேசட்டும். மூன்று தரப்பில்லாத மேசை வெட்டி மேசை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

கழிவை விடுங்கள், மின்சாரத்துக்கு வருவோம். கம்ப்ரசர் கசிவுச் சோதனை எல்லோரும் செய்யக்கூடியது. எல்லா மெஷினும் நின்றிருக்கும் நேரத்தில் கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, லோடில் (காற்றை அழுத்தும் நேரம்) எத்தனை நிமிடம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா சுற்றும் நேரம்) எத்தனை நிமிடம் என்று நாலைந்து சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு. 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால் 25 சதவீதம் காற்று ஓட்டையில் போகிறது. 100 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 100 கன அடி காற்று) கம்ப்ரசரில் அது 25 சி.எஃப்.எம்., கிட்டத்தட்ட 5 கிலோவாட். நாளுக்கு 10 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 15,000 யூனிட். பத்துப் பேர் தங்கள் எண்ணை ஒரே பலகையில் எழுதினால் போதும், மறுநாள் எலக்ட்ரீசியன் சோப்புத் தண்ணியோடு கிளம்பிவிடுவார்.

பாய்லர்சாமி

15,000 வராதுங்க. இப்படித்தான் மேடையில கணக்குச் சொல்லிட்டுப் போயிடறாங்க. கசிவை அடைச்சா லோடு நேரம் குறையும், ஆனா மெஷின் நிக்காது, அன்லோடுல ஓடும். அன்லோடுலயும் லோடு கரண்ட்ல மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட இழுக்கும். அதைக் கழிச்சா கையில நிக்கிறது பத்தாயிரத்தை ஒட்டி. முழுசும் வேணும்னா டிரைவ் போட்ட கம்ப்ரசர் வேணும். அந்த மெஷின்ல உங்க லோடு–அன்லோடு சோதனையே எடுபடாது, அது வேகத்தை மாத்திக்கும், மீட்டர் வச்சுத்தான் பாக்கணும்.

இன்னொண்ணு. அடைச்ச கசிவு திரும்ப வரும். ஹோஸ் கிளாம்ப், குயிக் கப்ளர், ஆயில் கிண்ணி – இந்த மூணு இடத்துலதான் பாதிக் கசிவு. மாசம் ஒருக்கா பாக்க ஆள் வைக்காத கம்பெனிக்கு சந்திப்புல கிடைச்ச ஞானம் ஆறு மாசம் தாங்காது.

பாய்லர் கதையும் அப்படித்தான். 'ஃபீட் தண்ணி (பாய்லருக்குள்ள போற தண்ணி) 6 டிகிரி சூடு ஏறுனா எரிபொருள் 1 சதவீதம் மிச்சம்' – எல்லா ஸ்லைடுலயும் இருக்கும், சரிதான். 35லிருந்து 77 டிகிரிக்கு ஏத்துனா 7 சதவீதம். ஆனா கண்டென்சேட்டை, அதாவது நீராவி ஆறித் தண்ணியானதை, பாய்லருக்குத் திருப்புறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் யாரும் சொல்றதில்ல. சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினோட ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல டியூப் ஓட்டை இருந்தா சாயத் தண்ணியும் உப்பும் கண்டென்சேட்டோட பாய்லருக்குள்ள போயிடும். அதனால லைன்ல உப்பு கலந்தாக் காட்டுற கண்டக்டிவிட்டி மீட்டர் வேணும், அளவு தாண்டுனா வெளிய திருப்பி விடற வால்வு வேணும். ரெண்டாவது, தண்ணி கொதிநிலைக்குப் பக்கத்துல வந்தா ஃபீட் பம்ப்புக்குள்ள ஆவி கட்டி பம்ப் கத்தும், இம்பெல்லர் அரிச்சுப்போகும். டேங்க்கை உயரத்துல தூக்கி வச்சாத்தான் தப்பிக்கலாம். இதைக் கேக்க வேண்டியவர் பாய்லர் ஆப்பரேட்டர். ஹால்ல உக்காந்திருக்கிறவரு முதலாளி.

நூல்கண்டு

கம்ப்ரசர் கணக்கில் நீங்கள் சொன்னதே சரி. அந்தத் திருத்தம் ஒரு ஹாலில் இருபது பேர் முன்னால் நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முதலாளிக்குப் பதில் ஆப்பரேட்டரையும் எலக்ட்ரீசியனையும் அனுப்பச் சொல்லும் விதியையும் ஏற்கிறேன்.

புதுப்பட்டறை

வணக்கம். இந்தச் சீட்டு முறையில் சி.இ.டி.பி. (பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) ஸ்லட்ஜை, அதாவது அங்கே மிஞ்சும் சேற்றை, போடலாமா? செங்கல் சூளைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

கணக்குப்பிள்ளை

போடவே கூடாது தம்பி. ரசாயனச் சேறு 2016 அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. இன்னொரு தொழிலுக்கு மூலப்பொருளாகக் கொடுக்க வேண்டுமானால் விதி 9இன் கீழ் எடுப்பவருக்கு அனுமதி வேண்டும், வண்டியோடு படிவம் 10 போக வேண்டும். சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவது முறையான வழி. சூளைக்கு டிராக்டரில் அனுப்பினால் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் சேர்த்தே நோட்டீஸ் வரும். பார்த்தீர்களா நூல்கண்டு, ஹாலில் யாரோ போகிற போக்கில் சொன்னது எப்படிப் பரவுகிறது என்று! சீட்டைச் சேர்ப்பவர் எது கழிவு, எது அபாயக் கழிவு என்று தெரிந்தவராக இல்லாவிட்டால் இது ஆபத்து.

நீலச்சாயம்

சாயப்பட்டறைப் பக்கம் யாரும் பேசவில்லையே. பட்டறைகள் இந்தச் சந்திப்புகளில் வாய் திறக்காததற்குக் காரணம் ரெசிப்பி. எந்தச் சாயம், எந்த வரிசை என்பதைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை. ஆனால் மூன்று எண்களைப் பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம்: கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிராம் உப்பு, நூறு லாட்டில் எத்தனை முதல் தடவையே ஷேடு சேர்ந்தது.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 60 கிராம் போடும் ஷேடு. லிக்கர் விகிதம் (துணிக்குத் தண்ணீர்) 1:8 என்றால் கிலோ துணிக்கு 480 கிராம். 1:6 என்றால் 360. நாளுக்கு ஒரு டன் துணி ஓடினால் 120 கிலோ உப்பு வித்தியாசம். அந்த 120 கிலோவை வாங்க ஒரு செலவு, சுத்திகரிப்பில் மறுபடி பிரித்தெடுக்க இன்னொரு செலவு. தன் எண் 480, பெட்டியில் பாதிப் பேர் 360 என்று தெரிந்தால் பட்டறைக்காரருக்குத் தூக்கம் வராது. விகிதத்தைச் சும்மா குறைத்தால் மெஷினில் கயிறாக ஓடும் துணியில் மடிப்பு விழும், பம்ப் தண்ணீர் இல்லாமல் இழுக்கும், ஷேடு திட்டாகும். நாசில் அழுத்தம், ஏற்றும் எடை, கயிறு ஒரு சுற்று வரும் நேரம் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்தக் கேள்விகள் ரெசிப்பி ரகசியம் இல்லை, தாராளமாகப் பேசலாம்.

திரும்பி வரும் உப்புக் கரைசலும் அப்படியே. புது உப்பு மாதிரி நினைத்து ஊற்றினால் கெடும். அதில் தங்கிய பைகார்பனேட் சூடேறும்போது பி.எச்.சை உயர்த்தும், சோடா போடுவதற்கு முன்பே சாயம் பிடித்துக்கொள்ளும், திட்டு வரும். ஹார்ட்னஸ் பாருங்கள், அமிலம் போட்டு நடுநிலைக்குக் கொண்டு வாருங்கள், அடர்த்தி அளந்து குறையும் உப்பை மட்டும் சேருங்கள்.

பாய்லர்சாமி

பெயர் போடாத பெட்டி நல்ல யோசனை, ஒத்துக்கறேன். ஆனா பெட்டியைத் திறந்து கணக்குப் போட்டு அடுத்த மாசம் திருப்பித் தர்றது யாரு? சீட்டுக்கு ஜோடி சேத்து, மூணு பேருக்கு போன் அடிச்சு, சாம்பிளை மில்லுக்குக் கொண்டுபோய், 'ஏன் ரெண்டாவது லோடு போகல'ன்னு கேக்கறது யாரு? அரைச் சம்பளத்துக்காவது ஒரு ஆள் வேணும். அந்தச் சம்பளத்தை சோலார் கம்பெனி குடுத்தா மைக்கும் அவங்களுக்குத்தான். தலைக்கு ஐநூறு ரூபாய் வசூல் பண்ணுனா எத்தனை பேர் வருவாங்கன்னு பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் என் கட்சி மாறாது.

அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் வைக்காதீங்க. சம்பள நாள் அன்னைக்கு எவன் வருவான்?

நூல்கண்டு

புதன்கிழமை, மாலை 5 முதல் 7. மாதக் கடைசி வாரம் ஷிப்மென்ட் நெருக்கம், அதனால் இரண்டாவது வாரம். ஐநூறு ரூபாய் வைப்போம், ஆனால் ஆப்பரேட்டரோ எலக்ட்ரீசியனோ வந்தால் கம்பெனி கட்ட வேண்டியதில்லை. அந்தச் சலுகை போக, முப்பது பேர் கட்டணம் ஒரு அரைநாள் ஆளுக்குப் பற்றாது, தெரியும். மீதியை, முதல் வருடம் ஓடிய லோடுகளுக்குக் கிலோ கணக்கில் மில்லும் வியாபாரியும் தருவார்களா என்பதுதான் கேட்க வேண்டியது. மில்கேட், உங்கள் பக்கம் இது நடக்குமா?

மில்கேட்

கிலோவுக்குப் பைசாக் கணக்கில் என்றால் கேட்டுப் பார்க்கலாம், அதுவும் தொடர்ந்து மூன்று மாதம் ஒரே தரம் வந்தால். முதல் லோடுக்கே கேட்டால் யாரும் தரமாட்டார்கள். சீட்டில் 'லைக்ரா எத்தனை சதவீதம்' என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள், 'தெரியாது' என்று எழுதவும் இடம் விடுங்கள். தெரியாதவர்கள் 'இல்லை' என்று எழுதுவதுதான் இப்போதைய பிரச்சினை.