மறு: மறு: 'போட்டோகிராஃபிக் ரிஃப்ளெக்ஸஸ்': தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

டாஸ்க்மாஸ்டர் வரும் கதைகளின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை எழுத்துக் கோப்பவரிடம் போக வேண்டும். ஒரு சொல் மட்டும் நிற்கிறது. ஆள் யாரென்று தெரியாதவர்களுக்கு: 1980இல் மார்வல் காமிக்ஸின் அவெஞ்சர்ஸ் 195ஆம் இதழின் கடைசியில் தலைகாட்டி, 196இல் முழுதாக வரும் வில்லன். டேவிட் மிஷெலினி எழுத்து, ஜார்ஜ் பெரெஸ் ஓவியம். மண்டையோட்டு முகமூடி, முக்காடு, வாள், வில், கேடயம். காசு கொடுப்பவருக்கு வேலை செய்வான். மற்ற வில்லன்களுக்கு அடியாட்களைப் பயிற்றிக் கொடுக்கும் பள்ளிகளும் நடத்துவான். எவர் சண்டையையும் ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே செய்துவிடுவான். கேப்டன் அமெரிக்காவின் கேடய வீச்சு, ஹாக்ஐயின் அம்பு எல்லாம் அப்படி எடுத்தவை. இந்த ஆற்றலுக்குத்தான் போட்டோகிராஃபிக் ரிஃப்ளெக்ஸஸ் என்று பெயர். பேச்சுக் குமிழியில் மூன்று வரி, வரிக்குப் பத்து எழுத்துக்கு மேல் கொள்ளாது. 'ஒளிப்பட அனிச்சை' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

*

> 'ஒளிப்பட அனிச்சை' என்று எழுதி வைத்திருக்கிறேன்

ஒப்பாததில் வியப்பில்லை. அனிச்சை என்பது அன் + இச்சை, வடசொல். 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்ற குறளைக் காட்டி, மோந்தால் குழைவதால் அனிச்சத்திலிருந்துதான் அனிச்சை வந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. பூவுக்கும் இதற்கும் உறவில்லை.

இவன் எதை எடுக்கிறான் என்று பாருங்கள். தொல்காப்பியர் உவமத்தை 'வினை பயன் மெய் உரு' என்று நான்காக்கினார். டாஸ்க்மாஸ்டர் எடுப்பது வினை மட்டும். ஸ்பைடர்மேன் தாவுவதுபோல் தாவுவான்; அவன் வலிமை இவனுக்கு வராது. மெய்யும் உருவும் தன்னுடையவை. ஆகவே 'வினைப்போலி'. முதற்போலி, இடைப்போலி, இலக்கணப்போலி என்று நம் இலக்கணத்தில் வேரூன்றிய சொல். ஐந்தே எழுத்து.

*

புலவர் ஐயாவுக்கு வணக்கம். இலக்கணம் படித்தவருக்கு, 'இல்முன்' இடம் மாறி இலக்கணப்போலியான 'முன்றில்' நினைவு வரும். காமிக்ஸ் வாங்கும் பிள்ளைக்குப் போலி மருத்துவர்தான் நினைவு வருவார். இவன் வித்தை போலி இல்லை, அசலுக்கு அசலாக அடிக்கிறான் என்பதுதானே கதை! 'வினைப்பதிவு' என்று இன்னொருவர் தனி மடலில் எழுதினார். அது கர்மவினைக்குப் போய்விடும். 'கண்படி' என்றால் பழந்தமிழ் தெரிந்தவர் கண்படை, உறக்கம் என்பார். தெரியாதவர் கண்ணேறு என்பார்.

ஏகசந்தக்கிராகி என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே? ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்பவர்.

*

ஏகசந்தக்கிராகி செவிக்கும் பாட்டுக்கும் உரியது. கண்ணுக்கும் உடம்புக்கும் ஆகாது. வடசொல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

இலங்கையில் உயிரியல் படிப்பிக்கும் ஒருவரின் குறிப்பு இது. ரிஃப்ளெக்ஸுக்கு எங்கள் பாடநூல்களில் 'தெறிவினை'. தூய தமிழ், குழப்பமில்லை. ஆனால் இந்த ஆற்றல் தெறிவினையே அல்ல. முழங்காலில் தட்டினால் கால் உதைப்பது தெறிவினை. முண்ணாண் (தண்டுவடம்) அளவிலேயே முடிந்துவிடும், மூளையின் கட்டளைக்குக் காத்திராது. டாஸ்க்மாஸ்டர் பார்க்கிறான், தெரிவு செய்கிறான், வேண்டியபோது எடுத்து வீசுகிறான். ஆங்கிலப் பெயரே பிழை. பிழையை மொழிபெயர்ப்பதா, பொருளை மொழிபெயர்ப்பதா என்று முதலில் முடிவெடுங்கள். பெயரைத்தான் என்றால் 'ஒளிப்படத் தெறிவினை' சரி.

*

இதற்கிடையில் அவன் பெயருக்கே தமிழ் காணலாமே. டாஸ்க்மாஸ்டர் என்றால் வேலை வாங்குபவன்: கங்காணி! கண் + காணி, கண்ணால் காண்பவன். ஆற்றலும் தொழிலும் ஒரே சொல்லில்.

*

வேண்டாம். இலங்கை மலையகத்தில் அந்தச் சொல் சொற்பிறப்போடு நிற்பதில்லை. ஊரிலிருந்து ஆள் திரட்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர், துண்டு முறையில் கடனில் கட்டிவைத்தவர், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டவர் எல்லாம் அதற்குள் இருக்கிறார்கள். முகமூடிக்காரனுக்கு அதைக் கொடுத்தால் அங்குள்ள வாசகர் வேறு கதை படிப்பார். பெயர் டாஸ்க்மாஸ்டராகவே இருக்கட்டும். மெர்சனரிக்குக் 'கூலிப்படையாள்' போதும். செய்தித்தாள் அதைக் கொலைக் கும்பலாக்கிவிட்டாலும், திருக்குறள் படைமாட்சி உரையில் பரிமேலழகர் எண்ணும் அறுவகைப் படையில் கூலிப்படையும் ஒன்று.

*

சொல்லுக்குத் திரும்புவோம். 2010இல் நான்கு இதழாக வந்த கதையும் இந்தத் தொகுப்பில் இருக்கிறதல்லவா? அதில் புதிய வித்தை ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது அவனுடைய சொந்த வாழ்க்கை நினைவு வெளியே தள்ளப்படுகிறது. மனைவியையே மறந்திருக்கிறான். இப்போது 'ஒளிப்பட நினைவாற்றல்' என்று முன்பக்கத்தில் போட்டுவிட்டால், பின்பக்கத்தில் நினைவில்லாதவன் என்று எப்படிச் சொல்வீர்கள்? அங்கே வெளிப்படை நினைவு (வாழ்க்கையில் நடந்தவை), உள்ளுறை நினைவு (உடம்பு பழகிய வித்தை) என்ற இரண்டும் தேவைப்படும். ஆற்றலின் பெயரில் 'நினைவு' வரவே கூடாது. உடம்பு வர வேண்டும்.

உடம்பு வரும் சொல் நம் வழக்கிலேயே இருக்கிறது: கைவருதல். கைவந்த கலை என்கிறோமே. எனவே 'கண்டுகைவரல்'. ஏழு எழுத்து. மென்தொடர்க் குற்றியலுகர வினையெச்சம், ககரம் மிகாது; 'கண்டுக்கை' என்று யாரும் திருத்திவிடாதீர்கள். அவன் சண்டைக் காணொளியை வேகமாக ஓடவிட்டுப் பார்த்து, அதே வேகத்தில் சற்று நேரம் அடித்துக் களைத்துப்போகும் காட்சிக்கும் இது பொருந்தும்.

*

எழுத்துக் கோப்பவர் பக்கத்திலிருந்து ஒன்று. பழைய எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. அதில் ஐகாரத்தின் இணைக்கொம்பு தனிக் குறி. 'கண்டுகைவரல்' வரி முடிவில் உடைந்தால் கொம்பு மேல்வரியிலும் ககரம் கீழ்வரியிலும் நிற்கும். ஒரே வரியில் அடங்கும்படி கையால் கட்ட வேண்டும். குமிழி பதினான்கு இடத்தில் வருகிறது. 'தெறிவினை'க்கும் இதே தொல்லை, இரண்டு கொம்பு.

இன்னொன்று. வில்லன் தன் ஆற்றலைச் சொல்லும்போது கலைச்சொல்லா பேசுவான்? 'கண் பார்த்தால் / கை செய்யும்' என்று வழக்கில் இருக்கிறதே. ஏழு எழுத்து, ஐந்து எழுத்து, இரண்டே வரி.

*

அருமை. குமிழியில் அதையே வைக்கிறேன். கதைசொல்லியின் கட்டங்களிலும் பின்னிணைப்பிலும் கலைச்சொல் வேண்டும். இதுவரை கண்டுகைவரலுக்கு நால்வர், ஒளிப்படத் தெறிவினைக்கு இருவர், வினைப்போலிக்கு ஒருவர். நேரமில்லை, கண்டுகைவரல் என்று அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள். ஆனால் 'வரல்' என்று முடித்தால் அது நிகழ்ச்சியின் பெயர், ஆற்றலின் பெயர் ஆகாது. பின்னிணைப்பிலாவது 'கண்டுகைவரு திறன்' என்று வினைத்தொகையாக்குங்கள். அதன் பக்கத்தில் வினைப்போலியையும் ஒரு வரியில் குறித்து வையுங்கள்.

*

திறன் சேர்த்தாலும் ஒன்பதுதான் வருகிறது, ஐயா. கட்டம் பத்து, கொள்ளும்.