பசி இருந்தது

என் தங்கைக்கு அப்போது 16 வயது. சமையலறையை அவளே எடுத்துக்கொண்டாள். நோட்டுப் போட்டுச் சமையல் குறிப்பு எழுதுவாள், எல்லோருக்கும் பரிமாறுவாள், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று விடாமல் கேட்பாள். அவள் தட்டு மட்டும் அப்படியே இருக்கும். கேட்டால் பசி இல்லை என்பாள். நாங்களும் நம்பினோம். அவளுக்கு வந்திருந்தது அனோரெக்ஸியா, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் மனநோய். அந்தச் சொல்லுக்கே பசியின்மை என்றுதான் பொருளாம். பொருந்தாத பெயர். ராத்திரி பகலாகச் சாப்பாட்டு நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

1944–45ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பலரும் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். டாக்டர் இதைச் சொன்ன பிறகுதான் அம்மா "திமிர்" என்று திட்டுவதை நிறுத்தினார்.

தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஆனால் கையிலும் முதுகிலும் பூனைமுடி அடர்த்தியாக முளைத்தது. வெயிலிலும் ஸ்வெட்டர். மாதவிலக்கு நின்று 5 மாதம் ஆனதை யாரிடமும் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்ததை நம்பி இரண்டு மாதம் வீணாக்கினோம். உடம்பு மோசமான பிறகும் ரிப்போர்ட் நன்றாகவே வரலாம் என்பது அப்போது தெரியாது. ஒரு நாள் எழுந்து நின்றவள் கண் இருட்டி விழுந்தாள். நாடித் துடிப்பு 42.

"ஓட்டக்காரர்களுக்கும் இப்படித்தானே இருக்கும்?" என்றார் அப்பா.

"அவர்களுக்கு இதயம் பலமாக இருப்பதால் மெதுவாக அடிக்கிறது. இவளுக்கு உடம்பு சக்தியை மிச்சம் பிடிக்கிறது சார்" என்றார் டாக்டர்.

அப்புறம் ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே வயிறு நிறைய ஊட்டப் பார்த்தோம், நர்ஸ் தடுத்தார். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகலாமாம். தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டினார்கள்.

*

அண்ணா, நான் உங்கள் தங்கை இடத்தில் இருந்தவள். எடை ஏறத் தொடங்கிய நேரத்தில், "முகத்தில் சதை போட்டிருக்கு, இப்பதான் பார்க்க நல்லா இருக்கே" என்றார் சித்தி. அன்பாகத்தான் சொன்னார். மறுபடி தட்டைத் தொட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நல்லதாகக்கூட அவளிடம் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். 29 வயதில் படியில் தடுமாறிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேனில் என் எலும்பு அடர்த்தி அம்மாவுடையதைவிடக் குறைவு. முடி திரும்ப வந்தது, மாதவிலக்கும் வந்தது. எலும்பு மட்டும் இன்னும் பழைய கடனில்தான் இருக்கிறது.

*

எங்கள் வீட்டில் பையனுக்கு. "ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் வராது" என்று முதலில் பார்த்த டாக்டரே அனுப்பிவிட்டார். கடைசியில் கைகொடுத்தது குடும்பமே சேர்ந்து செய்யும் சிகிச்சை. ஒவ்வொரு வேளையும் நானோ மனைவியோ பக்கத்தில் உட்கார வேண்டும், தட்டு காலியாகும்வரை. முதல் நாள் ஒரு வேளைக்கே இரண்டு மணி நேரம் ஆனது. அவன் அழுதான், நான் வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுகிறோம்.