மூணாவது மாடிக்கு ஒரு குடம் தண்ணி: வெறும் 1,323 ஜூல் தானா?

வியாசர்பாடி அக்கா:
ஹவுசிங் போர்டு வீடு, மூணாவது மாடி. மோட்டார் படுத்து ஒரு வாரம் ஆவுது. காலைல லாரி வந்ததும் எட்டு குடம் ஏத்துறேன். பதினொண்ணாவது படிக்கிற என் பையன் நேத்து கணக்கு போட்டான். 15 லிட்டர்னா 15 கிலோ, உயரம் 9 மீட்டர், பூமி இழுக்குறதுக்கு 9.8, ஆக 15 × 9.8 × 9 = 1,323 ஜூல் சக்தி. "எட்டு குடமும் சேந்தா கூட ஒரு பிஸ்கட்டுக்குத் தேறாதும்மா"ன்னு சிரிக்கிறான். அப்போ என் இடுப்பு ஏன் கழண்டு போவுது?

டியூஷன் வாத்தியார்:
பையன் போட்டது சரிதான்க்கா, ஆனா அது தண்ணிக்குக் கிடைச்ச நிலை ஆற்றல், அதாவது மேல ஏறுனதால சேந்த சக்தி மட்டும். குடத்தோட நீங்களும்தானே ஏறுறீங்க? உங்க எடை 62 கிலோன்னு வெச்சா மொத்தம் 77. 77 × 9.8 × 9 = சுமார் 6,790 ஜூல். அதுல அஞ்சுல ஒரு பங்குதான் தண்ணிக்கு. இதுக்கு மேல, தசை எரிக்கிற சக்தில கால்வாசி போலதான் வேலையா மாறும், மிச்சம் சூடாப் போயிடும். காலிக் குடத்தோட எறங்கும்போது உங்க உடம்போட நிலை ஆற்றல் கொறையுது, அது உங்களுக்குத் திரும்பி வராது. லாரி கிட்ட குடத்தை இடுப்புல வெச்சிக்கிட்டு நிக்கிறப்போ உயரம் மாறல, கணக்குல வேலை பூஜ்யம். தசைக்கு அது தெரியாது.

பால்கனில ராட்டினம் கட்டி கயித்துல இழுத்தா உங்க 62 கிலோ மிச்சம்.

ஹார்பர் கிரேன்காரன்:
22 வருஷம் கிரேன் ஓட்டுனவன் சொல்றேன் தங்கச்சி. 20 டன் பெட்டிய 10 மீட்டர் தூக்குனா 19,60,000 ஜூல். ஒரு யூனிட் கரண்ட் 36 லட்சம் ஜூல், அப்போ அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. நடுவுல பெட்டி எங்க சுத்துனாலும் கணக்கு இல்ல, கெளம்புன எடத்துக்கும் வெச்ச எடத்துக்கும் உள்ள உயரம்தான். அதே ஒரு யூனிட்ல உன் குடம் 2,700 ஏறும். மோட்டார் பாதிய வீணடிச்சா கூட ஆயிரத்துக்கு மேல. மோட்டார ரிப்பேர் பண்ண ஆளுக்கு இவ்ளோன்னு வசூல் பண்ணும்மா.

வியாசர்பாடி அக்கா:
வசூல் ஆரம்பிச்சிட்டேன்ண்ணே. ராட்டினம் வேணாம் சார், கீழ ஆப்பக் கடை போட்டிருக்காங்க, குடம் அவுந்தா ஆயா தலைலதான் விழும். இன்னிக்கு பையனையே ஒரு குடம் ஏத்த சொன்னேன். ரெண்டாவது மாடிலயே எறக்கி வெச்சிட்டு உக்காந்துட்டான். 15 × 9.8 × 6 = 882ன்னு சொல்லிட்டு, நான் என் குடத்தோட மேல போயிட்டேன்.