செங்காந்தளின் சிவப்பைப் படத்தில் பிடிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. மழைக்குப் பிறகு எங்கள் வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது. ஆறு இதழ்களும் ஓரம் நெளிந்து மேல்நோக்கி வளைந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, அப்படியே தீக்கொழுந்துதான்! பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாவதை நாள்தோறும் படமெடுக்க ஆசை.

ஆனால் படத்தில் சிவப்பு முழுக்க ஒரே திட்டாகிவிடுகிறது. இதழின் நெளிவே தெரிவதில்லை. ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பு மட்டும் வலது ஓரத்தில், அதாவது வெளிச்சம் மிஞ்சும் பக்கத்தில், முட்டி நிற்கிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக) குறைத்தால் சிவப்பு மீள்கிறது, இலைகள் கருத்துவிடுகின்றன. மேகமூட்டமான காலையில் ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுப்பது மட்டும் போதுமா? வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

இன்னொன்று. என்னிடம் இருப்பது 50 மி.மீ. லென்ஸ். லென்ஸ் துளையை அகலத் திறந்து எஃப் 1.8-இல் எடுத்து, இதழ் தெளிவாக விழுந்தால் பக்கவாட்டில் நீளும் மகரந்தத் தாள்கள் மங்குகின்றன. துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் ஷட்டர் 1/30 நொடிக்கு இறங்கி, சின்னக் காற்றுக்கே பூ ஆடிவிடுகிறது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எவ்வளவு வரை ஏற்றலாம்? நெருங்கி எடுக்க எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் குழாய்) போதுமா, மேக்ரோ லென்ஸ்தான் வாங்க வேண்டுமா?

செடி முழுக்க விஷம், வீட்டில் குழந்தைகள் வேறு. அதனால் பறித்து உள்ளே வைத்து எடுக்க வழியில்லை. இன்னும் நான்கைந்து மொட்டுகள் இருக்கின்றன. அவை விரிவதற்குள் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.